சிறு மாற்றங்களால் பணியிடத்தை மேம்படுத்துவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

1961ஆம் ஆண்டில் ஜப்பானின் யமடா எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் ஒரு சிறிய சிக்கல் நெடுநாளாகத் தீராமல் இருந்தது. அங்கே தயாரான சுவிட்சு ஒன்றில் இரண்டு பொத்தான்கள் உண்டு; ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். பணியாளர்கள் எப்போதாவது ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். புகார் வரும், கவனமாக இருக்கும்படி எச்சரிப்பார்கள், சில நாள்கள் சரியாக நடக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். அங்கே சென்ற பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ செய்யச் சொன்னது இவ்வளவுதான்: பெட்டியிலிருந்து எடுத்து நேரடியாகப் பொருத்தாமல், முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை ஒரு சிறு தட்டில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகே பொருத்தத் தொடங்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால், மறந்தது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தட்டின் எளிமையை வியப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தத் தட்டால் பயன் இல்லை என்று தெரிந்திருந்தால், மறுநாள் காலையில் அதை எடுத்து வைத்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பியிருக்கலாம். யாருக்கும் இழப்பில்லை, யாருடைய கௌரவமும் குறையாது. பெரும் பணம் கொட்டி, விழா எடுத்துத் தொடங்கிய திட்டம் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள எந்த மேலாளருக்கும் மனம் வராது. ஆகவே அதன் முடிவு நேர்மையாக அளக்கப்படுவதும் இல்லை. சிறு மாற்றத்தைத் திரும்பப் பெற முடியும் என்பதால்தான் அதை உண்மையாகச் சோதித்துப் பார்க்க முடிகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வசதியை இழக்காமல் வேலை செய்வதற்கானவையே.

இந்த முறை வந்த வழி

இப்படிச் சிறுசிறு மாற்றங்களால் மேம்படுத்தும் முறையின் பெயர் ‘கைசென்’. இந்த ஜப்பானியச் சொல்லில் ‘கை’ மாற்றத்தையும் ‘சென்’ நன்மையையும் குறிக்கின்றன. சொல் ஜப்பானியமானாலும் வேர்களில் சில அமெரிக்காவில் இருக்கின்றன. அங்கே 1940இல் போர்க்காலத் தேவைக்காகத் தொடங்கிய தொழிலகப் பயிற்சித் திட்டம், இருக்கிற ஆட்களையும் இயந்திரங்களையும் பொருள்களையும் கொண்டே வேலையைச் செம்மைப்படுத்த மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. போருக்குப் பின் அந்தப் பயிற்சி ஜப்பானுக்குச் சென்றது. புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் தரக் கட்டுப்பாடு பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டில் டொயோட்டா கார் நிறுவனத்தின் நிர்வாகிகளுள் ஒருவரான ஈஜி டொயோடா அமெரிக்காவுக்குச் சென்று ஃபோர்டு ஆலையைப் பார்வையிட்டார். அங்கிருந்த ஆலோசனைத் திட்டத்தின் தாக்கத்தில், 1951இல் டொயோட்டா நிறுவனம் பணியாளர்களிடமிருந்து யோசனைகளைப் பெறும் முறையைத் தொடங்கியது. ஆக, இது எந்த ஒரு நாட்டின் மரபுக்கும் மட்டும் உரிய மந்திரம் என்று எண்ண வேண்டியதில்லை. எந்த அலுவலகத்திலும் எந்தப் பட்டறையிலும் செய்யலாம்.

முதல் படி: கைக்கு எட்டும் வேலையைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்கும்போது மூன்று கேள்விகள் போதும். இந்த வேலை அடிக்கடி நடக்கிறதா? இதை மாற்றும் அதிகாரம் நமக்கோ, நம்முடன் அன்றாடம் பேசும் ஒருவருக்கோ இருக்கிறதா? இதைச் செய்பவர்கள் இதைப் பற்றி ஏற்கெனவே அலுத்துக்கொள்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேலை எவ்வளவு தொல்லை தந்தாலும் பயிற்சிக்கு ஏற்றதன்று. மாற்றத்தின் விளைவைப் பார்க்க அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூடவே கொண்டுபோவோம். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக்கு வாரத்துக்குச் சுமார் 60 பில்கள் வருகின்றன. அவற்றில் ஏறக்குறைய 20 பில்களை ஏதோ ஒரு குறைக்காகத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருள் வழங்கியவர் பணம் வரவில்லை என்று போன் செய்கிறார், வாங்கிய பிரிவு கணக்குப் பிரிவைக் குறை சொல்கிறது, கணக்குப் பிரிவு வாங்கிய பிரிவைக் கைகாட்டுகிறது.

இரண்டாம் படி: போய் நின்று பார்த்தல்

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான தாயிச்சி ஓனோ, தொழிற்கூடத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் மேலாளர் ஒருவரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார் என்று சொல்வார்கள். மணிக்கணக்கில் அங்கேயே நின்று என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கூட்ட அறையில் உட்கார்ந்து பேசும்போது நமக்குத் தெரிவது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதுதான்; அது எப்படி நடக்கிறது என்பது அந்த மேசையருகே போனால்தான் தெரியும்.

நம் எடுத்துக்காட்டில், பில் பார்க்கும் எழுத்தரின் அருகே ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தால் இப்படி ஏதாவது கண்ணில் படும். அவர் பில்லைத் திறக்கிறார். கொள்முதல் ஆணை எண்ணைத் தேடுகிறார், இல்லை. மின்னஞ்சலில் வழங்குநரின் பெயரைத் தட்டிப் பழைய கடிதங்களைப் புரட்டுகிறார். மூன்றாவது கடிதத்தின் இணைப்பில் ஏதோ ஓர் ஆணை இருக்கிறது, ஆனால் அது இந்தப் பொருளுக்கானதா என்று தெரியவில்லை. வாங்கிய பிரிவுக்குப் போன் செய்கிறார், யாரும் எடுக்கவில்லை. ஒரு மஞ்சள் சீட்டில் ‘எண்?’ என்று எழுதி ஒட்டி, வலப்பக்கத் தட்டில் போடுகிறார். அந்தத் தட்டில் ஏற்கெனவே ஒரு விரற்கடை உயரத்துக்குக் காகிதம் இருக்கிறது. அடுத்த பில்லை எடுக்கிறார்.

இதைப் பார்க்கும்போது யோசனை எதையும் சொல்லக் கூடாது. ‘இதை ஏன் கம்ப்யூட்டரில் செய்யக் கூடாது?’ என்று தொடங்கினால் அந்த எழுத்தர் அன்றோடு வாயை மூடிக்கொள்வார். எதற்காகப் பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, அவரது ஒப்புதலோடு அமர்வதும், குறிப்பெடுத்ததை அவரிடமே காட்டுவதும் அவசியம். காத்திருத்தல், தேடுதல், இடம்விட்டு இடம் நகர்தல், ஒரே தகவலை இரண்டு இடங்களில் எழுதுதல், செய்ததையே மறுபடி செய்தல் ஆகிய ஐந்தும் எங்கெங்கே வருகின்றன என்று குறித்தால் போதும்.

மூன்றாம் படி: மாற்றுவதற்கு முன் எண்ணுதல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. முன்பு எப்படி இருந்தது என்ற எண்ணிக்கை கையில் இல்லாவிட்டால், பின்பு முன்னேறியதா என்பது பேச்சுத் திறமையைப் பொறுத்ததாகிவிடும். இதற்கு மென்பொருள் வேண்டியதில்லை. மேசையில் ஒரு தாள். இடப்பக்கம் பில் திரும்பும் காரணங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. மூன்று, நான்கு வாரங்கள் இப்படிக் குறித்தால் வாரத்துக்கு ஆணை எண் இல்லாதவை 11, கையொப்பம் இல்லாதவை 4, தொகை பொருந்தாதவை 3, மற்றவை 2 என்பதுபோல ஒரு வடிவம் தெரியவரும். பாதிக்கு மேற்பட்ட தொல்லை ஒரே காரணத்தால் வருகிறது என்பது, நாள்தோறும் அதே மேசையில் இருப்பவருக்கே வியப்பாக இருக்கலாம்.

எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவது இயல்பு என்பதையும் இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு வாரம் 17, அடுத்த வாரம் 22 என்றால் எதுவும் கெட்டுப்போய்விட்டதாகப் பொருளில்லை. டெமிங் இதை விளக்க ஒரு புனலையும் கோலிக்குண்டையும் பயன்படுத்துவார். புனலைக் குறிக்கு நேர்மேலே அசையாமல் வைத்துக் குண்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் குண்டுகள் குறியைச் சுற்றிக் கொஞ்சம் சிதறும். ஒவ்வொரு முறையும் குண்டு விலகிய அளவுக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரிசெய்துகொண்டே இருந்தால் சிதறல் குறையாது. அதன் மாறுபாட்டளவு இரண்டு மடங்காகும். ஒவ்வொரு வார எண்ணுக்கும் விளக்கம் கேட்டு, ஒவ்வொரு வாரமும் எதையாவது மாற்றும் மேலாளர் செய்வது இதைத்தான்.

நான்காம் படி: காரணத்தின் அடிவரை போதல்

‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் வழக்கத்தை ஓனோ பரப்பினார். ஐந்து என்பது கட்டாயமில்லை. நம்மால் மாற்றக்கூடிய ஒன்று கிடைக்கும்வரை கேட்க வேண்டும் என்பதே பொருள். பில் ஏன் திரும்பியது? ஆணை எண் இல்லை. ஏன் இல்லை? வழங்குநர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? எண் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஏன் தெரியாது? ஆணையை அனுப்பும் மின்னஞ்சலில் எண் எங்கும் இல்லை. இணைப்புக் கோப்பின் இரண்டாம் பக்க மூலையில் மட்டும் சிறிதாக இருக்கிறது. ஏன் அங்கே வைத்தார்கள்? அந்தப் படிவம் அலுவலகத்தின் உள்கோப்புக்காக வரையப்பட்டது. வெளியில் இருப்பவர் அதைப் படிப்பார் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

இரண்டாவது கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ‘வழங்குநர்களுக்குப் பொறுப்பில்லை’ என்ற முடிவுக்கு வந்து, ஒரு கண்டிப்பான சுற்றறிக்கை அனுப்பியிருப்போம். கேள்விகளின் வரிசை ஒரு மனிதரின் பெயரிலோ, ‘அசட்டை’ என்ற சொல்லிலோ போய் நின்றால் பாதை தவறிவிட்டது என்று கொண்டு ஒரு படி பின்னே வந்து மீண்டும் கேட்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982இல் மூடிய கலிஃபோர்னியா ஆலையை 1984இல் டொயோட்டாவுடன் சேர்ந்து மறுபடி திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய பணியாளர்கள்தாம். வேலைக்கு ஒழுங்காக வராதவர்கள் என்று பெயரெடுத்திருந்த அவர்கள், வேலை முறை மாறியதும் மிகத் தரமான கார்களைத் தயாரித்தார்கள்.

ஷிங்கோவின் வாழ்விலேயே இதற்கொரு சான்று உண்டு. தவறு நேராமல் தடுக்கும் அமைப்புகளை அவர் முதலில் ‘முட்டாள் தடுப்பு’ என்ற பொருள்படும் சொல்லால் அழைத்துவந்தார். 1963இல் ஒரு தொழிற்சாலையில், தான் அவ்வளவு முட்டாளா என்று கேட்டு ஒரு பெண் பணியாளர் அழுதுவிட, அந்தச் சொல்லைக் கைவிட்டு, ‘கைப்பிழைத் தடுப்பு’ என்று பொருள்படும் ‘போகா யோகே’ என்ற சொல்லுக்கு மாறினார்.

ஐந்தாம் படி: மாற்றத்தை வடிவமைத்தல்

அந்தப் போர்க்கால அமெரிக்கப் பயிற்சி கற்றுக்கொடுத்த வரிசை இன்றும் பழுதில்லாதது: முதலில் நீக்க முடியுமா என்று பார், இல்லையென்றால் இரண்டை ஒன்றாகச் சேர்க்க முடியுமா, இல்லையென்றால் வரிசையை மாற்ற முடியுமா, கடைசியாக எளிமையாக்க முடியுமா. நான்கையும் இதே வரிசையில் கேட்பது முக்கியம். தேவையே இல்லாத ஒரு கையொப்பத்தை மின்னணுக் கையொப்பமாக மாற்றுவதைவிட வீணான உழைப்பு வேறில்லை. ஆனாலும் பெரும்பாலான அலுவலகங்களில் மென்பொருள் வாங்குவதிலிருந்தே பேச்சு தொடங்குகிறது என்பது என் நெடுநாளைய மனக்குறை.

வரிசையை மாற்றுவதன் வலிமைக்குப் புகழ்பெற்ற சான்று, 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் அழுத்த இயந்திரத்தின் அச்சு (உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் கனமான கருவி) மாற்றும் வேலை. அதற்கு 4 மணி நேரம் ஆகிவந்தது. இயந்திரம் நின்றிருக்கும்போதுதான் செய்தாக வேண்டியவை எவை, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிச் செய்து வைக்கக்கூடியவை எவை என்று ஷிங்கோ பிரித்துப் பார்த்தார். நேரம் முதலில் 90 நிமிடங்களுக்குக் குறைந்தது. பிறகு, நின்றபின் செய்துவந்தவற்றிலும் பலவற்றை முன்னதாகச் செய்யத்தக்கவையாக மாற்றியதும் 3 நிமிடங்களுக்கு வந்தது. அச்சு கிடங்கில் இருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேடப்போவதும், கூட்டம் தொடங்கிய பிறகு புரொஜெக்டர் கேபிளைத் தேடுவதும் ஒரே இனம்தான்.

நம் பில் சிக்கலில் மாற்றம் மிகச் சிறியது. ஆணை அனுப்பும் மின்னஞ்சலின் தலைப்பிலேயே ஆணை எண் வரும். முதல் வரியில் ‘உங்கள் பில்லில் இந்த எண்ணைக் குறிப்பிடவும்’ என்ற வாக்கியம் இருக்கும். இதைச் செய்ய வேண்டியவர் கொள்முதல் பிரிவில் இருப்பதால், வடிவமைக்கும்போதே அவர் உடனிருக்க வேண்டும். முடிவெடுத்த பின் அவருக்குத் தெரிவித்தால், தன் தலையில் கட்டிய வேலையாகத்தான் அவர் அதைப் பார்ப்பார்.

ஆறாம் படி: சோதித்துப் பார்த்தல்

திட்டமிடு, செய், ஆராய், செயல்படு என்ற சுழற்சியைப் பலரும் அறிவார்கள். மூன்றாவது சொல்லாகச் ‘சரிபார்’ என்பதைவிட ‘ஆராய்’ என்பதையே டெமிங் விரும்பினார். எதிர்பார்த்ததும் நடந்ததும் எங்கே வேறுபட்டன என்று படித்துத் தெரிந்துகொள்வதே அவருடைய நோக்கம். அதற்கு எதிர்பார்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘ஆணை எண் இல்லாமல் வரும் பில்கள் வாரத்துக்கு 11இலிருந்து 4க்குக் குறையும்’ என்று தேதியோடு ஒரு வரி எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எழுதாவிட்டால், என்ன நடந்தாலும் அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று மனம் சொல்லிக்கொள்ளும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எல்லா வழங்குநர்களுக்கும் ஒரேயடியாகச் செய்யாமல், அடிக்கடி பில் அனுப்பும் ஐந்து பேருக்கு மட்டும் முதலில். எந்தத் தேதியில் முடிவைப் பார்ப்போம், எந்த நிலையில் பழைய முறைக்குத் திரும்புவோம் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். விளைவு தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்பதைக் கணக்கிடாமல் ஏமாறுபவர்கள் உண்டு. இன்று மாறிய மின்னஞ்சலுக்கான பில், பொருள் வந்து சேர்ந்த பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் மேசைக்கு வரும். முதல் வாரத்திலேயே எண்ணிப் பார்த்து, பயனில்லை என்று கைவிட்டால் நல்ல மாற்றம் ஒன்று வீணாகும்.

ஏழாம் படி: புதிய முறையை நிலைப்படுத்துதல்

சோதனை வெற்றி பெற்றதும் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய மின்னஞ்சலையே பிரதியெடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். பழக்கம் பள்ளத்தை நோக்கி ஓடும் தண்ணீரைப் போன்றது. அணை கட்டாமல் அது நிற்காது. இங்கே அணை என்பது மூன்று எளிய செயல்கள்: புதிய முறையை ஒரே பக்கத்தில், செய்பவரின் சொற்களிலேயே எழுதி, வேலை நடக்கும் இடத்தில் வைப்பது, பழைய படிவங்களையும் மின்னஞ்சல் மாதிரிகளையும் கண்ணில் படாதபடி அகற்றுவது, அன்று விடுப்பில் இருந்தவருக்கும் மாற்றுப் பணியாளருக்கும் செய்து காட்டுவது. இரண்டாவதைத்தான் பெரும்பாலும் மறக்கிறோம். பழைய படிவம் இழுப்பறையில் இருக்கும்வரை, அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.

எழுதிவைத்த முறை நிரந்தரச் சட்டமாகவும் ஆகிவிடக் கூடாது. தாளின் அடியில் தேதியை எழுதுங்கள்; அடுத்த நல்ல யோசனை வரும்வரை இதுவே முறை. எல்லோரும் ஒரே முறையில் செய்தால்தான் அடுத்த மாற்றம் அதைவிட மேலானதா என்று ஒப்பிடவும் முடியும். ஐந்து பேர் ஐந்து விதமாகச் செய்யும் இடத்தில் எதை மேம்படுத்தினோம் என்றே சொல்ல முடியாது.

எட்டாம் படி: தொடர்ந்து நடக்கச் செய்தல்

நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் வரவேற்பறை ஓரமாக ஓர் ஆலோசனைப் பெட்டி தொங்கியது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது மூன்று பேர் மூன்று பெயரைச் சொன்னார்கள். யோசனை சொன்னவருக்குப் பரிசைவிட முதலில் தேவைப்படுவது பதில். ஒரு வாரத்துக்குள் ‘செய்வோம்’, ‘இந்தக் காரணத்தால் இப்போது முடியாது’, ‘நீங்களே சோதித்துப் பாருங்கள்’ ஆகிய மூன்றில் ஒன்று அவருக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவது பதில் எவ்வளவு அதிகமாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரமாவது இதற்கென ஒதுக்கி, அதை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். வேலை முடிந்த பின் இருந்து யோசியுங்கள் என்றால் யாரும் யோசிக்கமாட்டார்கள், அது நியாயமும் இல்லை.

மிச்சமாகும் நேரத்தை என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒருவரின் யோசனையால் இரண்டு பேர் செய்த வேலையை ஒருவரே செய்ய முடிந்து, மற்றவர் வேலையை இழந்தால், அந்த அலுவலகத்தில் அதுவே கடைசி யோசனையாக இருக்கும்.

நாளுக்கு ஒரு விழுக்காடு முன்னேறினால் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 37.8 மடங்கு ஆகிவிடலாம் என்ற கணக்கு பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படுகிறது. கணக்கு சரிதான். ஆனால் பணியிடம் கூட்டு வட்டிக் கணக்கு இல்லை. பில்லைச் சரிபார்க்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தாலும், ஒப்புதல் தருபவர் வாரத்துக்கு ஒருமுறைதான் கையொப்பமிடுவார் என்றால், பணம் ஒரு நாள்கூட முன்னதாகப் போகாது. எந்த இடத்தில் வேலை தேங்குகிறதோ அந்த இடத்தில் செய்யும் மாற்றமே மொத்த ஓட்டத்தையும் விரைவுபடுத்தும். அதேபோல, அடிப்படையே தவறாக அமைந்த முறையைச் சிறு ஒட்டுகளால் சரிசெய்ய முடியாது. அதைக் கலைத்துவிட்டுப் புதிதாக அமைக்கத்தான் வேண்டும். ஆறேழு சிறு மாற்றங்களுக்குப் பிறகும் எண்ணிக்கை அசையாவிட்டால் அந்த நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆணை எண் சிக்கல் தீர்ந்ததும் தாளில் அடுத்து நீளமாக நிற்பது கையொப்பம் இல்லாத பில்களின் வரிசை. மீண்டும் இரண்டாம் படியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது, பயன் தராமல் திரும்பப் பெற்ற சோதனைகளின் தாள்களையும் தூக்கி எறியாமல் அதே கோப்பில் வைத்திருங்கள். எந்த நாளில் தொடங்கினோம், என்ன எதிர்பார்த்தோம், ஏன் விட்டோம் என்று இரண்டு வரி இருந்தால் போதும். அடுத்த ஆண்டு புதிதாக வேலைக்குச் சேர்பவர் அதே யோசனையோடு வரும்போது, எடுத்துக் காட்டுவதற்கு அது வேண்டியிருக்கும்.